மூப்பு எது, நோய் எது?

உடலின் இயல்பான வெம்மையும் ஈரமும் சிறிது சிறிதாகக் குன்றுவதே மூப்பு என்று, ஹிஜ்ரி 428இல் (கி.பி. 1037) மறைந்த இப்னு சீனா தமது ‘அல்கானூன்’ என்னும் மருத்துவப் பெருநூலில் விளக்கினார். ஹார்மோன் என்னும் சொல் அவர் காலத்தில் இல்லை. லண்டன் பேராசிரியர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1905இல் அதனை வழக்கிற்குக் கொணர்ந்தார். சுரப்பிகளிலிருந்து குருதியில் கலந்து, தொலைவிலுள்ள உறுப்புகளை இயக்கும் வேதிப்பொருள்கள் இவை. தமிழில் இயக்குநீர் என்பர்.

வயது ஏற ஏற இவை யாவும் ஒரே சீராகக் குறைவதில்லை. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் சில ஆண்டுகளிலேயே வெகுவாகச் சரிகிறது. அதனால் எலும்பு விரைந்து வலுவிழக்கிறது. ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் நடுவயதிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு வீதம் மெல்லக் குறைகிறது. வளர்ச்சி ஹார்மோன் குறைய, தசை மெலிகிறது. மெலட்டோனின் குறைய, இரவு உறக்கம் கலைகிறது. இன்சுலின் சுரந்தாலும் உடல் அதற்கு முன்போல் இணங்காமையால் சர்க்கரை ஏறுகிறது. தாக உணர்வும் மங்குகிறது. ஆகவே, முதியவர் தண்ணீர் கேட்கவில்லை என்பதால் அவர் உடலில் நீர் போதிய அளவு இருக்கிறது என்று கொள்ளலாகாது.

இங்கே நாம் இருவகைப் பிழைகளைத் தவிர்த்தல் வேண்டும். முதலாவது, எல்லாவற்றையும் ‘வயதாகிவிட்டது’ என்று ஒதுக்குவது. சோர்வு, மறதி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, குரல் கரகரப்பு ஆகியன தைராய்டு சுரப்புக் குறைவின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். ஓர் இரத்தப் பரிசோதனை அதனைக் காட்டிவிடும். அன்றாடம் ஒரு மாத்திரை அதனைச் சீராக்கும். ஆராயாமல் விட்டால், தெளிவு திரும்பக்கூடிய ஒரு தாயோ தந்தையோ வீட்டின் மூலையில் ஒதுக்கப்படுவர்.

இரண்டாவது பிழை, குறைந்ததையெல்லாம் மருந்தால் நிரப்ப முனைவது. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் அளவு முதுமையில் சற்றே உயர்வது இயல்பாதலின், அவ்வுயர்வு அனைத்திற்கும் மருந்து தேவைப்படுவதில்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரொஜஸ்டினும் சேர்த்துக் கொடுத்து அமெரிக்காவில் நடந்த பேராய்வு, மார்பகப் புற்றும் இரத்த உறைவும் மிகுந்ததால் 2002இல் இடையில் நிறுத்தப்பட்டது. யாருக்கு, எந்த வயதில், எவ்வளவு காலம் என்று மருத்துவரே தீர்மானித்தல் வேண்டும். இளமையை மீட்கும் ஊசி என்னும் விளம்பரங்களை நம்பலாகாது.

முதியோர் மருத்துவத்தில் தமிழகம் முன்னோடி. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இல் இதற்கெனத் தனிப்பிரிவு தொடங்கியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996இல் மேற்படிப்பும் வந்தது. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது. செஞ்சியை அடுத்த தொண்டூர் போன்ற சிற்றூர்களின் முதியோர்க்குச் சென்னை தொலைவே. எனினும் முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாயிலுக்கே கொணர்கிறது.

தள்ளாமையால் நோன்பு நோற்க இயலாதவர்க்கு ஃபித்யா என்னும் சலுகையை மார்க்கம் வழங்கியுள்ளது. இன்சுலின் எடுக்கும் முதியவர் ரமலானுக்கு முன்பே மருத்துவரிடமும் ஆலிமிடமும் கலந்துகொள்வது நன்று. நாள்தோறும் சிறிது நடை, இளவெயில், புரதமுள்ள உணவு, வேளைக்கு உறக்கம் ஆகியவற்றோடு, பெற்றோர் உடலில் நேரும் மாற்றத்தை உற்றுக் கவனிக்கும் பிள்ளைகளின் கண்ணும் வேண்டும். மூப்பைத் தடுக்க நம்மால் இயலாது. மூப்பென்று கருதி நோயை வளரவிடாமல் காக்க இயலும்.