ஆட்டம் கலையாமல் இருக்க

நேயர்களே, நம் லயத்துப் பிள்ளைகள் ஆசையாகக் கும்மியும் கோலாட்டமும் பழகுகிறார்கள். கற்றுக்கொடுத்தவர் வேறு தோட்டத்துக்குப் போனதும் குழு கலைந்துவிடுகிறது. இதற்கு என்ன வழி?

சிங்கப்பூரில் ஒரு நடனப் பள்ளி நிலைத்த கதையைக் கேளுங்கள். 1952ஆம் ஆண்டில் கே. பி. பாஸ்கர் அதைத் தொடங்கினார். 1955இல் அவர் மனைவி சாந்தா கேரளத்திலிருந்து வந்து சேர்ந்தார். 1958இல், சீனர்களும் அறிந்த அவர்களுடைய காதல் கதையொன்றைப் பரதமாக மேடையேற்றினர். மகள் மீனாட்சியும் அங்கேயே பயின்று ஆசிரியையானார். 2013இல் பாஸ்கரும் 2022இல் சாந்தாவும் காலமாயினர். பள்ளி நின்றுவிடவில்லை.

ஆகவே, மூத்த பிள்ளைகள் இருவரை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இன்றே பழக்குவோம். அடுத்த ஆசான் நம் குழுவுக்குள்ளேயே வளரட்டும்.