கடன் கொடுத்தவர் சட்டமும் குடிசைவாசிகளின் கணக்கு நோட்டும்

மும்பை புறநகர் ரெயில் பாதைகளின் ஓரத்தில் ஒரு காலத்தில் குடிசைகள் நெருக்கமாக இருந்தன. சில இடங்களில் வாசலைத் தாண்டினால் தண்டவாளம். அங்கெல்லாம் மின்சார ரெயில்கள் வேகத்தைக் குறைத்தே ஓட வேண்டியிருந்தது.

2000-ம் ஆண்டு பிப்ரவரியில் ஹார்பர் லைன் ஓரத்தில் சுமார் 2 ஆயிரம் குடிசைகள் இடிக்கப்பட்டன. குடிசைவாசிகள் திரண்டு எதிர்த்த பிறகே இடிப்பு நின்றது.

வங்கியின் நிபந்தனை

ரெயில் பாதைகளையும் சாலைகளையும் விரிவாக்க, 2002-ம் ஆண்டு ஜூன் மாதம் 54 கோடியே 20 லட்சம் டாலர் தர உலக வங்கி ஒப்புக்கொண்டது. கூடவே ஒரு நிபந்தனை. அகற்றப்படுவோருக்கு முதலில் மாற்று இடம், பிறகுதான் வேலை. புல்டோசரை மட்டுமே பார்த்துப் பழகிய மக்களுக்கு 225 சதுர அடி வீடு என்பது பெரிய விஷயம்தான்.

வீடு யாருக்கு என்று தெரிய வேண்டுமே! வாசல் வாசலாக ஏறி இறங்கிக் கணக்கெடுத்தவர்கள் 'ஸ்பார்க்' தொண்டு நிறுவனத்தாரும், 'மகிளா மிலன்' பெண்களும், குடிசைவாசிகள் சம்மேளனத்தாரும். சம்மேளனத்தை நிறுவிய ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர், 2000-ம் ஆண்டு மகசேசே விருது பெற்றவர், 2018-ல் காலமானார்.

ஆனால் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது அரசும் வங்கியும். விதிகளை வகுத்ததும் அவர்களே. தெருவில் இறங்கி அதை நிறைவேற்றும் பொறுப்பு மட்டும் இந்த அமைப்புகளுக்கு.

கடைக்காரர்களின் புகார்

சாலை விரிவாக்கத்தில் கடை இழந்தவர்கள் கொதித்தார்கள். பெரிய கடை வைத்திருந்தவருக்கும் இலவசமாகக் கிடைப்பது அதே 225 சதுர அடி. அவர்கள் பார்வையில் தொண்டு நிறுவனமும் அரசு ஆள் போலவே தெரிந்தது. 2004-ல் வாஷிங்டனில் உள்ள வங்கியின் விசாரணைக் குழுவுக்குப் புகார்கள் போயின. 2005 டிசம்பரில் வந்த அறிக்கை, வங்கி தன் விதிகளையே சரிவரக் கடைப்பிடிக்கவில்லை என்றது. 2006 மார்ச்சில் சாலைப் பணிக்கும் மறுகுடியமர்வுக்கும் பணம் நிறுத்தப்பட்டது. ஜூனில்தான் மீண்டும் வந்தது.

நம் ஊர்த் தெருவில் கடை இழந்தவரின் குறை தீர, கடல் கடந்த கதவைத் தட்ட வேண்டியிருந்தது. பணம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அதிகாரமும் இருந்தது.

முடியாத கணக்கு

2011-ல் வங்கியின் பங்கு முடிந்தது. மான்குர்டு லல்லுபாய் காம்பவுண்டு போன்ற இடங்களில் மாடி வீடுகளில் மக்கள் குடியேறிவிட்டார்கள். லிப்ட், தண்ணீர் மோட்டார், துப்புரவுச் செலவெல்லாம் குடியிருப்போர் சங்கத்தின் தலையில். கூலி வேலைக்காரருக்கு இது மாதா மாதம் வரும் பாரம்.

வெளிநாட்டு உதவி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. விதி எழுதும் மேஜையில், கணக்கெடுத்தவர்களுக்கும் ஒரு நாற்காலி வேண்டும். உதவி போன பிறகும் அங்கே வாழப்போகிறவர்கள் அவர்கள்தானே!