உருக்குமுன் ஒருமுறை பார்த்தல்

பெறாமகனின் பொன்னுருக்குக்கு முதல்நாள், அப்பாச்சியின் பவுண் ஒன்றை அண்ணர் என் கையில் தந்து, "இதை உருக்கலாம்தானே?" என்று கேட்டார். இலண்டனில் எம்மவர் பலரிடம் இப்படியான காசு இருக்கக்கூடும். ஆதலால் அன்று சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

எமக்குப் பவுண் என்றால் எட்டுக் கிராம் நிறை. அப்பெயர் பிரித்தானியப் பொற்காசிலிருந்து வந்தது. தமிழகத்தார் அதைச் சவரன் என்பர். 1817 முதல் இலண்டன் அரச நாணயச்சாலை அதனை அடித்தது. 22 கரட், நிறை 7.98 கிராம், அதிலுள்ள தூய பொன் 7.32 கிராம்.

இக்காசுக்கு இரண்டு விலை உண்டு: பொன்னின் விலை, சேகரிப்போர் தரும் விலை. பின்னதைத் தீர்மானிப்பது வயதல்ல. எத்தனை எஞ்சியுள்ளன, எந்நிலையில் உள்ளன என்பவையே. அமெரிக்கா 1933இல் 445,500 இருபது டொலர்ப் பொற்காசுகளை அடித்தது. ஏறக்குறைய எல்லாமே உருக்கப்பட்டன. தப்பிய ஒன்றை இலண்டன் வியாபாரி ஒருவர் நியூயோர்க்கில் விற்க முயன்றபோது, 1996இல் அது கைப்பற்றப்பட்டது. பின்பு விற்பனை சட்டபூர்வமாக்கப்பட்டது. ஓர் அவுன்சுக்கும் சற்றுக் குறைந்த பொன்னுள்ள அக்காசு 2021இல் 1 கோடியே 88 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோனது.

எமது பவுணில் ஆண்டுக்கு மேலே, குதிரையின் காலடி நிலத்தில், மிகச்சிறிய எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தில்லாவிடில் அது பெரும்பாலும் இலண்டனில் அடித்தது. 1917இல் இலண்டனில் அடித்தவை மிக அரிது, போலிகளும் உண்டு. தேய்த்து மினுக்காதீர்கள். வளையம் பற்றவைத்த காசுக்குப் பெரும்பாலும் பொன்விலையே கிடைக்கும்.

அப்பாச்சியின் காசில் 1918 என்ற ஆண்டும் 'ஐ' என்ற ஆங்கில எழுத்தும் இருந்தன. பம்பாயில் அந்த ஓராண்டு மட்டுமே பவுண் அடித்தார்கள். பெரிய அரும்பொருள் அல்ல. பொன்விலைக்குச் சற்று மேலே பெறும்.

ஆனால் இன்னொரு தடை இருந்தது. 1971ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, இந்நாட்டில் செல்லுபடியாகும் காசைத் திறைசேரியின் அனுமதியின்றி உருக்கக்கூடாது. பவுண் இன்றும் செல்லுபடியாகும் காசே.

"பூட்டி வைக்கவோ மாமி பவுண் தந்தவ? பிள்ளையின்ரை தாலியிலை சேரட்டும் எண்டுதானே," என்றா மச்சாள். அவ சொன்னதில் நியாயம் இருந்தது. இருந்தும் வேறு தங்கத்துண்டு வாங்கியே உருக்கினோம். பவுணை, யார் தந்தது என்று எழுதிய தாளோடு மணமக்களிடம் கொடுத்தோம். மச்சாளுக்கு அந்தக் குறை இன்னும் தீரவில்லை.