ஒரு லிட்டர் எண்ணெய்... ஒரு கிலோவா?

வீட்டுக்காரருக்கு மாரடைப்பு வந்து, நல்லபடியாகப் பிழைத்து வீடு திரும்பியாச்சு. ‘‘ஒரு நாளைக்கு 15 கிராம் எண்ணெய்க்கு மேல் போகக்கூடாது’’ என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். ராசிபுரத்து அம்மணி தலையை ஆட்டிவிட்டு வந்து அடுப்படியில் நிற்கிறார். கையில் இருப்பதோ தாளிப்புக் கரண்டி. அதில் கிராம் எங்கே எழுதியிருக்கிறது?

கிராம் என்பது எடை. மில்லி என்பது கொள்ளளவு. தண்ணீரில் மட்டும்தான் இரண்டும் ஒன்று. 100 மில்லி தண்ணீர் 100 கிராம். எண்ணெய் அப்படி இல்லை. ரசத்தில் தாளித்துக் கொட்டினால் மேலேதானே மிதக்கிறது? தண்ணீரைவிட லேசு. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எதுவானாலும் ஒரு லிட்டர் 910 கிராமுக்கு அக்கம்பக்கம்தான் இருக்கும். (லேசான எண்ணெய் என்றால் கொழுப்பு கம்மி என்று நினைத்துவிடாதீர்கள். எந்த எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரி!)

மில்லியை 0.91-ஆல் பெருக்கினால் கிராம். கணக்குன்னாலே அலர்ஜியா? மில்லியில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள், போதும். 5 மில்லி டீஸ்பூனில் நாலரை கிராம். ஆக அம்மணியின் வீட்டுக்காரருக்கு நாளெல்லாம் சேர்த்து மூன்று டீஸ்பூன். அவ்வளவுதான்!

நோய் இல்லாதவர்களுக்கு? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி உணவுக்கு எண்ணெயும் நெய்யும் சேர்த்து 27 கிராம். அதாவது 30 மில்லி, ஆறு டீஸ்பூன். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர். உங்கள் வீட்டில் எத்தனை ஆகிறது, நிஜமாகச் சொல்லுங்கள்!

கரண்டியை நம்பாதீர்கள். இருமல் மருந்தோடு வரும் அளவு மூடியால் தண்ணீர் ஊற்றி, உங்கள் கரண்டி எத்தனை மில்லி பிடிக்கிறது என்று ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 40 மில்லி பிடித்தால் ஒரே தாளிப்பில் 36 கிராம் போய்விடும்.

‘‘ஏனுங்க, செக்குல கிலோ கணக்குச் சொல்றாங்க, கடையில லிட்டருங்கறாங்க. எது லாபமுங்க?’’

நல்ல கேள்வி. லிட்டர் 200 ரூபாயும் கிலோ 220 ரூபாயும் ஏறத்தாழ ஒரே விலைதான். 15 கிலோ டின்னில் பதினாறரை லிட்டர் இருக்கும். 15 லிட்டர் டின்னிலோ 13.65 கிலோதான்! டின் ஒன்று போலவே இருக்கும். எழுத்தைப் படித்து வாங்குங்கள்.

இன்னொரு விஷயம். எண்ணெய் சூடானால் விரியும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919 கிராம். 60 டிகிரியில் 893 கிராம்தான். சில கம்பெனிகள் பாக்கெட்டில் அளவோடு அதிக வெப்பநிலையையும் போட்டு வந்தன. இதைக் கவனித்த மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையை எடுத்துவிட்டு, கொள்ளளவோடு எடையையும் அச்சிடச் சொல்லி 2022-ல் உத்தரவிட்டது. ஆகவே ‘1 லிட்டர்’ என்ற பெரிய எழுத்தோடு நிற்காதீர்கள், கிராமையும் பாருங்கள்.

பால் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம்: லிட்டர் சுமார் 1 கிலோ 30 கிராம். இதில் பெரிய வித்தியாசம் வராது. தேன்தான் ஆளை ஏமாற்றும். ஒரு டேபிள்ஸ்பூன், அதாவது 15 மில்லி தேன், 21 கிராம்! அதில் சுமார் 17 கிராம் சர்க்கரை. ‘‘தேன்தானே, ஒரு ஸ்பூன்’’ என்று சொல்லும் சர்க்கரை நோயாளிகள் கவனிக்க.

குழந்தைகளின் சிரப்பில் மட்டும் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். பாட்டிலில் உள்ள மில்லிகிராம் மருந்துச் சத்தின் எடை. சிரப்பின் எடை அல்ல. ஒரே பாராசிட்டமால், 5 மில்லிக்கு 120 மில்லிகிராமிலும் கிடைக்கிறது, 250 மில்லிகிராமிலும் கிடைக்கிறது. பாட்டில் மாறினால் எத்தனை மில்லி என்று டாக்டரிடம் மறுபடி கேளுங்கள். ஊற்றுவதற்கு அந்த பாட்டிலின் மூடிதான். அடுப்படி ஸ்பூன் வேண்டவே வேண்டாம்.