கேள்விக்குள் கேள்வி

கணினிக்கு இடப்படும் கட்டளைத் தொடரை நிரல் என்பர். நிரலை இயக்குவது பொறி, படிப்பவரோ மனிதர். எழுதியவர் சென்ற பின்னரும், பிழை திருத்தவும் புதியன சேர்க்கவும் வேறொருவர் அதனைப் படிக்க நேரும். 'இவ்வாறாயின் இது செய்க. அன்றேல் அது செய்க' என்னும் நிபந்தனைகள் ஒன்றினுள் ஒன்றாக அடுக்கப்படும்போது, படிப்பவரின் கண்ணுக்குப் பிழை மறைந்துவிடுகின்றது.

2008ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆம் திகதி, மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் 'சூன்' இசைக்கருவிகளுள் 30 கிகாபைட்டு வகையைச் சேர்ந்தவை ஒருங்கே செயலற்றன. காரணம், திகதி கணிக்கும் சில வரிகளே. 1980ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணப்பட்ட நாட்களில், ஆண்டாண்டாகக் கழித்து நடப்பாண்டைக் காண்பது அவ்வரிகளின் வேலை. 'எஞ்சிய நாட்கள் 365இற்கு மேற்பட்டனவா?' என்பது முதற் கேள்வி. அதனுள், 'இது 366 நாட்களையுடைய நெட்டாண்டா?' என்பது அடுத்தது. அதனுள் மேலும் ஒன்று: '366இற்கு மேற்பட்டனவா?' ஆம் எனின் 366ஐக் கழிக்க வேண்டும். அன்றேல்? அதற்கு விடை எழுதப்படவில்லை.

2008 நெட்டாண்டு, டிசெம்பர் 31 அதன் 366ஆவது நாள். அந்த எண் 365இற்கு மேற்பட்டது, 366இற்கு மேற்பட்டதன்று. ஆகவே, கருவி எதனையும் கழிக்காது முதற் கேள்விக்கே திரும்பத் திரும்பச் சென்று செக்குமாடு போலச் சுழன்றது. மின்கலம் தீர்ந்து, புத்தாண்டு பிறந்த பின் மீண்டும் இயக்கப்பட்டபோதே அது உயிர்பெற்றது.

இதற்குப் பரிகாரம் எளிது. இவ்வாண்டிற்கு எத்தனை நாட்கள் என்பதை முதலிலே தனியாகக் கணித்து, அதற்கு 'ஆண்டின் நீளம்' எனப் பெயரிட்டுக்கொண்டால், மூன்று கேள்விகள் ஒன்றாகச் சுருங்கும்: 'எஞ்சிய நாட்கள் ஆண்டின் நீளத்திலும் அதிகமா?' ஆம் எனின் கழித்து அடுத்த ஆண்டிற்குச் செல்க, அன்றேல் நிற்க. மறைவதற்கு அங்கே இடமில்லை.

வேறு முறைகளும் உண்டு. வேலைக்குப் பொருந்தாத நிலைகளை வாயிலிலேயே வினவித் திருப்பி அனுப்பிவிட்டால், முக்கிய வேலை அடுக்குகளுக்குள் புதையாது நேராகத் தெரியும். நிபந்தனைகள் பலவாயின் அட்டவணை வரைதல் நன்று. ஆம், இல்லை என விடைபெறும் இரண்டு கேள்விகளுக்கு நான்கு வரிசைகள் வரும். மூன்று கேள்விகளுக்கு எட்டு. ஒவ்வொரு வரிசைக்கும் எதிரே செய்யவேண்டியதை எழுதிச் சென்றால், விடையின்றி நிற்கும் கட்டம் உடனே கண்ணிற் படும். நெட்டாண்டின் இறுதி நாள் வந்து அதனைக் காட்டவேண்டியதில்லை.