மலையடிவார ஊர்களில் வடிகால் குழாய் வலையமைப்பு: மென்பொருள் வடிவமைப்பில் சாய்வின் பங்கு (தேவாரம் பகுதியை முன்வைத்து)

திறவுச்சொற்கள்: மழைநீர் வடிகால், சாய்வு, திசைவேகம், ஆள்நுழைவுக்குழி, தேவாரம்

முன்னுரை

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தைச் சேர்ந்த தேவாரம் பேரூராட்சி, ஏலமலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்துள்ளது. வடிகால் குறித்த நம் வகுப்பறைக் கணக்குகள் பெரும்பாலும் சமவெளி நகரங்களையே மனத்திற்கொண்டவை. அங்கே நீர் நகர மறுப்பதுதான் சிக்கல். அடிவாரத்திலோ நீர் விரைந்து இறங்கிச் சட்டென்று தளர்கிறது. சிவில் 3டி போன்ற மென்பொருள்கள் இதனை எந்த அளவுக்குக் கண்டுகொள்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வேகத்தின் எல்லைகள்

300 மி.மீ. விட்டமுள்ள கான்கிரீட் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சொரசொரப்புக் கெழு 0.013 எனில், மானிங் சமன்பாட்டின்படி அது நிறைந்தோடும்போது நொடிக்கு 0.6 மீட்டர் வேகம் பெற 520 மீட்டருக்கு 1 மீட்டர் சாய்வு போதும். 21 மீட்டருக்கு 1 மீட்டர் என்னும் சாய்வில் வேகம் ஏறத்தாழ 3 மீட்டரை எட்டிவிடும். மத்தியப் பொதுச் சுகாதார, சுற்றுச்சூழல் பொறியியல் அமைப்பின் கழிவுநீர்க் கையேடு (2013) குறிக்கும் கீழ், மேல் எல்லைகள் இவையே. மழைநீர்க் குழாய்க்கும் அவற்றையே இங்குக் கொள்கிறேன். கீழெல்லைக்குக் குறைந்தால் கசடு படியும். மேலெல்லையைக் கடந்தால் மணல் கலந்த நீர் குழாயின் உட்புறத்தை அரிக்கும்.

அடிவாரத் தெரு ஒன்று 8 விழுக்காடு சாய்வுடையது என்க. குழாயைத் தெருவின் போக்கிலேயே பதித்தால் வேகம் 3.9 மீட்டர். சாய்வை 4 விழுக்காடாகக் குறைத்தால் வேகம் 2.7 மீட்டராகும், ஆனால் 30 மீட்டர் இடைவெளியில் அமையும் ஒவ்வோர் ஆள்நுழைவுக்குழியிலும் 1.2 மீட்டர் செங்குத்து வீழ்ச்சி தேவைப்படும். குழி ஆழமாகும், செலவும் கூடும். சிவில் 3டியில் மூடுமண் ஆழம், குறைந்த சாய்வு, கூடிய சாய்வு ஆகியவற்றைக் குழாய் விதிகளாக அமைக்கலாம். குழாயை வரையும்போது அவ்விதிகள் செயல்படும்; பின்னர் கையால் மாற்றினால் மீறலைச் சுட்டுமேயன்றித் தாமாகத் திருத்தா. மேலும், இவை வடிவியல் விதிகள். குழாயில் எவ்வளவு நீர் வரும் என்பதை அறியா.

சாய்வு முறியும் இடம்

இப்பொருளில் பெரிதும் கவனிக்க வேண்டிய இடம் தெருவின் அடிப்பகுதி. 4 விழுக்காட்டுச் சாய்வில் மேற்கூறிய குழாய் நொடிக்குச் சுமார் 193 லிட்டர் நீரைக் கடத்தும். அதே குழாய் 0.5 விழுக்காட்டுச் சமநிலத்தை அடைந்ததும் 68 லிட்டர் மட்டுமே கடத்தும். எஞ்சியது ஆள்நுழைவுக்குழியின் மூடியைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வரும். இதைத் தவிர்க்கக் கீழ்க்குழாயின் விட்டம் 450 மி.மீ. ஆக வேண்டும். விதிச் சோதனையில் இரு சாய்வுகளும் எல்லைக்குள்ளேயே இருப்பதால் எச்சரிக்கை எதுவும் தோன்றாது என்பதுதான் இதில் உள்ள இடர்.

ஆகவே பாய்வுப் பகுப்பாய்வு தனியே செய்யப்பட வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1971இல் உருவாக்கிய எஸ்.டபிள்யூ.எம்.எம். இதற்கு உதவும். அதிலும் இயக்க அலை முறை பின்தேக்கத்தைக் கணக்கிடாது. ஓடையிலோ கண்மாயிலோ முடியும் குழாய்க்கு இயங்கியல் அலை முறையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மழையும் நிலத்தரவும்

கிர்பிச் சமன்பாட்டின்படி (1940), 600 மீட்டர் நீளத்தை நீர் கடக்க 8 விழுக்காட்டுச் சாய்வில் 7 நிமிடம் ஆகும், 0.5 விழுக்காட்டில் 21 நிமிடம். எனவே அடிவாரத்தில் 5 முதல் 10 நிமிட மழைச் செறிவே வடிவமைப்பைத் தீர்மானிக்கிறது. ஒரு நாள் மழையளவை 24ஆல் வகுத்துச் செறிவு காணும் வழக்கம் மாணவர் திட்ட அறிக்கைகளில் இன்னும் உண்டு. இங்கு அது சிறிதும் பொருந்தாது.

நிலவுயரத்துக்கு 2000ஆம் ஆண்டின் எஸ்.ஆர்.டி.எம். தரவு இலவசமாகக் கிடைக்கிறது. நீர்ப்பிடிப்பின் எல்லையை வரைய அது ஏற்றது. எனினும் அத்தரவுக்கு வகுக்கப்பட்ட செங்குத்துப் பிழை வரம்பே 16 மீட்டர், 1.2 மீட்டர் வீழ்ச்சியை அதிலிருந்து முடிவு செய்ய இயலாது. ஒவ்வோர் ஆள்நுழைவுக்குழியின் இடத்தையும் டோட்டல் ஸ்டேஷன் கொண்டு அளக்க வேண்டும். குழாய் முடியும் கண்மாயின் கலுங்கு மட்டத்தையும் அதே அடிப்படைப் புள்ளியிலிருந்து எடுப்பது நன்று. கண்மாய் நிரம்பியிருக்கும் நாளில் குழாயின் வாயில் நிற்கும் நீர்மட்டம் அதற்குக் குறையாது.