அகழிக்கு அந்தப் பக்கம் புலி

சென்னையின் பழைய ஆட்கள் மிருகக்காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்பார்கள். எழும்பூர் அருங்காட்சியகப் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர் 1855இல் அந்த வளாகத்திலேயே தொடங்கியது அது. பிறகு சென்ட்ரல் அருகே மக்கள் பூங்காவுக்குப் போனது. அங்கே விலங்குக்கும் நமக்கும் நடுவே இருந்தவை இரும்புக் கம்பிகள். பார்க்க வருபவருக்கு அது வசதி. உள்ளே இருந்த உயிருக்கு ஒதுங்க மறைவில்லை. சிறு கூண்டில் அடைபட்ட புலி ஒரே தடத்தில் போய்ப்போய்த் திரும்பும். வேடிக்கை பார்ப்பவர்கள் அதைக் கம்பீரம் என்று நினைப்பார்கள். அது மன உளைச்சல்.

1985இல் எம்.ஜி.ஆர். திறந்துவைத்த வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் கம்பியின் வேலையைப் பெரும்பாலும் அகழி செய்கிறது. வனத்துறையின் காப்புக்காட்டு நிலத்தில் 1979இல் வேலை தொடங்கியது.

அகழியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். விலங்கு நிற்கும் பக்கம் தரை சரிந்து இறங்கும். நம் பக்கம் செங்குத்துச் சுவர். பள்ளத்தின் அடியிலிருந்து பாய்ந்தாலும் சுவரின் உச்சி எட்டாது. பார்வையாளர் கண்ணுக்குப் பள்ளம் படாது; புல்லும் மரமும் புலியும்தான் தெரியும். ஜெர்மனியின் கார்ல் ஹாகன்பெக் 1907இல் ஹாம்பர்க் அருகே பெரிய அளவில் செய்துகாட்டிய முறை இது.

ஆனால் எல்லா உயிருக்கும் ஒரே அகழி சரிவராது. யானையால் குதிக்க முடியாது. அதற்குக் குறுகிய பள்ளமே போதும். சிம்பன்சிக்கு நீச்சல் வராது. தண்ணீரே அதற்கு வேலி. புலி நன்றாக நீந்தும். ஆனால் ஆழமான நீரில் காலூன்ற இடமில்லாததால் எம்பிப் பாய முடியாது. சிறுத்தை மரமேறி என்பதால் அகழியை மட்டும் நம்ப முடியாது. மேலேயும் வலை வேண்டும். ஒவ்வொரு அடைப்பும் அந்தந்த விலங்கின் உடலை அளந்து கட்டப்படுவது.

"அவ்வளவு தூரம் நடந்தோம், புலியைக் காணோம்" என்று குறைபடுபவர்கள் உண்டு. புதருக்குப் பின்னால் படுத்துக்கொள்ளும் உரிமை புலிக்குக் கிடைத்திருக்கிறது. மக்கள் பூங்காக் கூண்டில் அது இல்லை. என்னைக் கேட்டால், வண்டலூரின் பெரிய வெற்றியே இதுதான்.

அடுத்த முறை போகும்போது காலையில் வெயில் ஏறுமுன் போங்கள். தடுப்புச்சுவர் அருகே சத்தமில்லாமல் நில்லுங்கள். கல் எறிந்து எழுப்பாதீர்கள். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை.